முன்சீட்டுக்குக் கீழே தண்ணீர்

மழை விட்ட மறுநாள் காலை தையற்காரி காரின் கதவைத் திறந்தாள். புழுங்கிய நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால், கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. பழைய துணியைப் போட்டு ஒற்றி, வாளியில் பிழிந்தாள். போன மழைக்கும் இதே கூத்துதான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவர், குனிந்துகூடப் பார்க்காமல் அடுக்கிக்கொண்டே போனார். விரிப்பை மாற்ற வேண்டும், அடியில் ஓடும் ஒயரை மாற்ற வேண்டும், முன் கண்ணாடியைக் கழற்றி ஒட்ட வேண்டும். அவர் சொன்ன தொகையில் அவளுக்குத் தலை சுற்றியது. பழைய கார் இன்னொன்றே வாங்கிவிடலாம் போலிருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது புருஷன் போனில் சொன்னதுதான். கடல் தாண்டிப் போய் வேலை பார்க்கிறவன், வெகு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

"ஒழுகுற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு செலவு? வித்துடு. சும்மாதானே நிக்குது."

சும்மாவா நிற்கிறது? வாரம் தவறாமல் அவள்தான் துடைக்கிறாள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அவன் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தபடியே விட்டுவிட்டு இறங்குகிறாள். கார் வாசலில் நிற்கிற வரைக்கும் அவன் திரும்பி வருவான் என்பது அவள் கணக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அவனைப் பார்க்க வேண்டும் போல மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒழுகுவதால்தானே விற்கச் சொல்கிறான்? ஒழுகாமல் செய்துவிட்டால் வாயை மூடிக்கொள்வான் அல்லவா?

மாமனாரை டார்ச்சோடு காருக்குள் உட்கார வைத்தாள். மனிதர் பெரிய மெக்கானிக் தோரணையில் வேட்டியை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். அவள் ஹோஸ் பைப்பைப் பிடித்து ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விட்டாள். முதலில் கதவு ஓரம்.

"வருதா மாமா?"

"ஒன்னும் காணோம்."

கூரைமேல் விட்டாள். அங்கும் ஒன்றுமில்லை. கடைசியில் முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் இருக்கிற இடத்தில் விட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளே ஒரே அலறல்.

"ஐயோ, நிறுத்தும்மா! என் செருப்பு மிதக்குது!"

ஆக, தண்ணீர் இறங்குகிற இடம் தெரிந்துவிட்டது. வைப்பர்களுக்கு அடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தாள். கீழே நீளமான பள்ளம். கண்ணாடியில் வழிகிற மழையெல்லாம் அதில் இறங்கி, மூலையில் உள்ள துளை வழியாகத் தரைக்குப் போய்விட வேண்டும். இங்கே போகவில்லை. பள்ளம் நிறைந்து, ஏசிக்குக் காற்று போகிற வழியாகக் காருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

மட்கிய இலைகளை அள்ளிப் போட்டாள். துளையைத் தேடியபோது விரலில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளை சிலிக்கான் பசை. யாரோ துளையை அழகாக, அக்கறையாக அடைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! போன தடவை லீவு முடிந்து கிளம்பும் நேரத்தில், காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று அவன் பசையும் கையுமாக அலைந்தது இப்போது ஞாபகம் வந்தது. தண்ணீர் போகிற வழியை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறான், மகா கெட்டிக்காரன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் பார்த்தாள்: பசையின் மேல் அவன் கட்டைவிரல் பதிந்து காய்ந்திருந்தது. தன் விரலை அதில் வைத்தாள். எடுக்க மனசே வரவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மாமனார்.

"ஒன்னுமில்ல மாமா."

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியால் பசையைச் சுற்றி அறுத்தாள். பள்ளத்தில் நின்ற தண்ணீர் மடமடவென்று தரையில் கொட்டியது. மறுபடி ஹோஸைப் பிடித்தாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. விரிப்பை உருவி வெயிலில் போட்டால் தீர்ந்தது வேலை.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று இருந்தது அவளுக்கு.

"நல்லதாப் போச்சு போ," என்றான். "ஒழுகாத வண்டின்னா நல்ல விலைக்குப் போகும்."

கையில் ஹோஸ் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் அவன் விற்கச் சொன்னது ஒழுகியதற்காக இல்லை.

"எப்ப வர்றீங்க?" என்றாள்.

"இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்றாங்க. நானும் சரின்னுட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

மாமனார் கார் கண்ணாடியை இறக்கி, "என்ன சொல்றான்? எப்ப வர்றானாம்?" என்று ஆசையாகக் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனில் அவனிடம் சொன்னாள்.

"வண்டி உங்க பேர்லதானே இருக்கு? நான் எப்படி விக்கிறது? விக்கணும்னா நீங்களே வந்து, கையெழுத்துப் போட்டு வித்துட்டுப் போங்க. கூப்பிட ஏர்போர்ட்டுக்கு நானே இதை ஓட்டிட்டு வரேன்."

ஓடிக்கொண்டிருந்த ஹோஸைக் கீழே போட்டாள்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது," என்றான்.