அரைப்பேர்க்காரியின் கணக்கு

…அப்படியென்றால் போர்டிங் அறைக்கு மாதம் எட்டுப் பேர், சாப்பாட்டுக்கு இன்னும் பத்து, பஸ்ஸுக்கு ஒன்று போதும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வீட்டுக்கு வந்தால்… ஜெயந்தினி ரூபாயில் கணக்குப் போடுவதில்லை, பேரில்தான் போடுவாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன கிலோ இருந்தால் அன்றைக்கு ஒரு பேர், முழுநாள் கூலி, குறைந்தால் அரைப்பேர், தோட்டத்து லய வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைவிடப் புரிகிற காசு உண்டா? ரூபாய் என்றால் தாள், பேர் என்றால் முதுகு. கீழே கொத்மலை அணைநீர் வெயிலில் மினுங்குகிறது, மழை விட்ட மலை முழுக்க இளந்தளிர், கை தானாகக் கிள்ளுகிறது, கிள்ளுகிறதா, ஆமாம், நன்றாகத்தான் ஓடுகிறது, கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன்கூடப் போன வாரம், "படிச்ச கைன்னு நெனச்சேன், பரவாயில்லையே" என்றாரே. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலுக்கு இடம் கிடைத்தாயிற்று, கெம்பஸ் திறக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று அம்மாவோடு கொழுந்தெடுக்க மலைக்கு வந்தாள், வந்த நாளிலிருந்து ஒருநாளும் அரைப்பேர் இல்லை, அங்கேதான் சிக்கல். படிப்பு இலவசம், சரி, ஆனால் நாலு வருடம் முழுப்பேர் முழுப்பேராகப் போகுமே, அதை யார் தருவார்கள்? அதையே படித்த பக்கத்து லயத்து மதுரன் அண்ணா பட்டம் வாங்கியும் இரண்டு வருடம் சும்மா இருந்து, இப்போதுதான் வலப்பனைப் பக்கம் வாத்தியார், அவர் சம்பளத்தைப் பேராக மாற்றிப் பார்த்தால், விட்டதைப் பிடிக்கவே முப்பது வயதாகும்… கெம்பஸ் பதிவுக்கு இன்றே கடைசி நாள். அம்மா தவமணி விடியற்காலையில் ரொட்டி சுடும்போது, "ஒன் இஷ்டம்தாம்மா" என்றாள். வேண்டாம் என்று இருந்துவிடலாமா? ஆனால் அந்த இளஞ்சிவப்பு, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கடைசித் துளி விழுந்ததும் குடுவை முழுக்கச் சட்டென்று பூத்ததே, மூச்சே நின்றதே, அது எத்தனை பேர் பெறும்?

பக்கத்துத் தேயிலை நெரையில் பேச்சியம்மா பெரியம்மா, வாயில் வெற்றிலை, கண் கொழுந்தில், காது ஊர் முழுக்க. "ஏண்டி, கெமிஸ்ட்ரின்னா மருந்துதான? அதுக்கு எதுக்கு நாலு வருசம்? எங்க வீட்டுக்காரரு அரைநாள்ல கத்துக்கிட்டாரு, டாங்கிய முதுகுல மாட்டுனாரு, புல்லுக்கு அடிச்சாரு, முடிஞ்சுச்சு." மேல் நெரையிலிருந்து ஒரே சிரிப்பு. ஜெயந்தினிக்கும் சிரிப்பு வந்தது, பதில் சொல்ல வெட்கம், ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிய படங்கு நழுவ, இறுக்கிக் கட்டக் குனிந்து சட்டென்று தலையைத் திருப்பினாள், பேச்சியம்மாவின் கை அவள் முதுகுக் கூடைக்குள் போகிறது. "என்னடி முழிக்கிற? பூச்சி இருந்துச்சு, எடுத்தேன்." எடுத்த கை வெறுங்கையாக வெளியே வந்தது, உள்ளே போகும்போது ஒரு பிடி கொழுந்து இருந்ததை அவள் பார்த்துவிட்டாளே.

காய்ச்சல்காரிக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, புதிதாக மலைக்கு வந்த மருமகளுக்கு, பேர் குறையாதிருக்கப் பக்கத்து நெரைக்காரிகள் கூடையில் ஆளுக்கொரு பிடி போடுவார்கள், இது தெரியாதவளா, எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், தனக்கும் போடுவார்கள் என்று மட்டும் ஏன் தோன்றவில்லை? "எப்பருந்து பெரியம்மா?" "மொத நாள்லேருந்துதான். ஒன் கை ஓடுற ஓட்டத்துக்கு அரைப்பேரே பெரிசு கண்ணு." மேலே அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குகிறாள், அப்போ அம்மாவுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும், இந்தத் தேயிலைச் செடிக்குக்கூடத் தெரியும்… காது சுட்டது, முகத்தை எங்கே வைப்பது, முழுப்பேர்க்காரி என்று எத்தனை நாள் நிமிர்ந்து நடந்தாள். பிறகு, மெல்ல, குடுவையில் ஒரு துளி விழுந்த மாதிரி, அப்படியென்றால்… என் பேர் அரைதான். நாலு வருடத்தில் விடப்போவது பாதிதான்! மதுரன் அண்ணாவின் சம்பளத்தோடு வைத்தால் இருபத்தேழு இருபத்தெட்டிலேயே பிடித்துவிடலாம், தோட்டத்துக்கும் ஒரு நட்டமும் இல்லை, இவ்வளவு மோசமாகக் கொழுந்தெடுப்பது இவ்வளவு இலாபமா? வாய்விட்டுச் சிரித்தாள், கூடை குலுங்கக் குலுங்க, "புள்ளைக்கு என்னமோ ஆகிருச்சு தவமணி" என்று பேச்சியம்மா கத்தக் கத்த, சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஓடினாள், கறைபிடித்த விரல் போன் திரையில் வழுக்கியது, ஈரப் படங்கில் துடைத்துவிட்டு அழுத்தினாள், சுற்றியது, சுற்றியது, பதிவாகிவிட்டது. "போட்டுட்டேன்மா!" அம்மா கிள்ளுவதை நிறுத்தி, ஒரு கையால் வெயிலை மறைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெரைக்குத் திரும்பி வந்தாள், இன்னும் மூச்சு வாங்கியது, வானம் அத்தனை நீலம். பேருக்கு மேலே எடுக்கிற கிலோவுக்குத் தனிக்காசு, அதிலிருந்துதானே இவர்கள் அள்ளி அள்ளிப் போட்டது? அதைச் செலவில் எழுதுவதா, வரவிலா? மொத்தம் எத்தனை பிடி? கேட்டால் சொல்வார்களா, பூச்சி என்பார்கள். போர்டிங் அறையில், ஆய்வுகூடத்தில், பக்கத்து நெரையில் யார் நிற்பார்கள்? இவர்களுடைய இந்தக் கணக்கு எப்போது நேராகும், நேராக வேண்டுமென்று யாராவது கேட்டார்களா… அவள் கிள்ளினாள், இரண்டு இலை, ஒரு மொட்டு, மெதுவாக, அவளுடைய உண்மையான வேகத்தில். கிள்ளியது இன்னும் கையிலேயே இருக்க, முதுகில் கூடை இலேசாகக் கனத்தது. திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். பார்க்கவில்லை.