ஓட்டின்மேல் கிடந்த பலகை

“எங்கப்பா மேல தப்பு இல்லைன்னு அதே குரூப்புல போடுங்க சார்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா கிறிஸ்டோபர் நேற்று ஏஞ்சலின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். “அவரு கடையிலதான் நீ பில்லு போட்டுக்கினு இருக்கற. அந்தப் பேச்சே எடுக்காதம்மா.” அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். தன் பெயர் கெட்டதைவிட அவள் வேலை போய்விடுமோ என்பதுதான் அவருக்குப் பயம்.

முதலாளி காசிநாதன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். புடவை மடித்துக்கொண்டிருந்த கடைப்பையன் சந்தோஷ்குமாரின் கை அப்படியே நின்றது.

பட்டுக்கடையின் முகப்பு முழுக்கத் தேக்குப் பலகை. பதித்து ஒன்றரை வருடம். மேற்கு வெயில் நேராக அடிக்கிற சுவர், நிறம் கலந்த எண்ணெய்தான் தாங்கும், வருடத்துக்கொருமுறை தூசி கழுவி ஒரு கை பூசினால் போதும் என்று பாலீஷ் போட வந்த கிறிஸ்டோபர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். காசிநாதனுக்கோ திறப்பு விழாப் போட்டோவில் முகப்பு ஜரிகை மாதிரி மின்ன வேண்டும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடிக்கிற வார்னிஷை அவரே வாங்கிவந்து வைத்தார். மின்னத்தான் செய்தது. இரண்டு கோடையில் பாம்புச் சட்டையாக உரிந்து, தேக்கு சாம்பல் பூத்துப்போனது. போன வாரம் அதைப் படமெடுத்து ஊர்க் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: ‘கிறிஸ்டோபர் வேலையின் லட்சணம். யாரும் கூப்பிடாதீர்கள்.’ கிறிஸ்டோபர் கைக்கு வந்த இரண்டு வேலை அன்றைக்கே போயிற்று.

ஏஞ்சல் பையிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எங்கே வேலைக்குப் போனாலும் அதே மரத்தில் ஒரு துண்டுக்குத் தன் பக்குவப்படி எண்ணெய் பூசி, பின்னால் பென்சிலில் தேதி எழுதி, வீட்டு ஓட்டின்மேல் போட்டுவைப்பது கிறிஸ்டோபர் வழக்கம்.

“உங்க மரந்தான் சார். அன்னிலேர்ந்து எங்க ஊட்டு ஓட்டு மேலயே கெடக்குது.”

துண்டு வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது.

“ஃபிரிட்ஜுல வெச்சிருந்தாரா உங்கப்பா?” என்றான் சந்தோஷ்குமார்.

“காக்கா எச்சம் காஞ்சிருக்குது பாரு. உங்க ஊட்டு ஃபிரிட்ஜுல காக்கா வருமா?”

காசிநாதன் துண்டைத் தொடவில்லை. “உங்கப்பனுக்கும் வேலை குடுத்தேன், உனக்கும் குடுத்தேன். வார்னிஷ் வேணாம்னா அவன் அன்னிக்கே போயிருக்கணும்.”

அவனாம். அப்பாவுக்கு இவரைவிடப் பத்து வயது கூடுதல்.

“அவருன்னு சொல்லுங்க. ‘வெயிலில் காயவைக்காதீர், நிறம் மங்கும்’னு பொடவைப் பொட்டிக்குப் பொட்டி சீட்டு வெக்கறீங்க. நாந்தான் தெனம் வெக்கறேன். பட்டுப் பொடவையை வெளுக்கற வெயிலு பலகையை மட்டும் விட்டுடுமா? தெரிஞ்சே பழியை எங்கப்பா தலையில கட்டிட்டீங்க.”

“குரூப்புல எல்லாம் போட முடியாது. போயி பில்லப் பாரு.”

பில் மேஜைச் சாவியைக் காலையில் பஸ்ஸிலேயே தன் கொத்திலிருந்து கழற்றி வைத்திருந்தாள். அதை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில், சாம்பல் பூத்த முகப்பின்மேல் அதைச் சாய்த்து வைத்தாள், தேதி உள்பக்கமாக. கல்யாணப் புடவை எடுக்க வந்த இரண்டு பெண்கள் நின்று துண்டைப் பார்த்தார்கள். பிறகு தலையை அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள். ஏஞ்சல் தெருவைத் தாண்டிவிட்டாள்.