பன்னிரண்டு ஃப்ரேம்

எங்கள் பள்ளியில் எட்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் கம்ப்யூட்டர் மாற்றப் பணம் ஒதுக்குவார்கள். தப்பான மெஷினை வாங்கிவிட்டால் அடுத்த எட்டு வருஷமும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால் இந்தத் தடவை யார் குறுக்கே வந்தாலும் விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

மல்டிமீடியா லேப் என் பொறுப்பு. படம் வரைந்து அதை அசைய வைப்பது, வீடியோவை வெட்டி ஒட்டுவது, குரலும் இசையும் சேர்ப்பது என்று முப்பத்திரண்டு பெண்களுக்குச் சொல்லித்தருகிறேன். லேபில் இருந்த பழைய மெஷின்களின் லட்சணம் சொல்லி மாளாது. ஆன் பண்ணிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாலும் அது எழுந்திருக்காது. ஜன்னலோரத்து மெஷினைப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் திரையில் வெளிச்சம் வரும். அதற்கு எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது எனக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் மட்டுமே தெரியும்.

குறுக்கே வந்தது வேறு யாருமில்லை, என் நாத்தனார்தான். பள்ளியின் கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில். வீட்டில் என்னை அண்ணி என்பாள், பள்ளியில் மேடம் என்பாள், கோபம் வந்தால் பள்ளியிலும் அண்ணி என்பாள்.

"அண்ணி, அதே காசுக்கு முப்பத்திரண்டு புது மெஷின் வருது. ஒல்லியா, வெள்ளையா, பார்க்கவே லட்சணமா இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. நீங்க என்னடான்னா எந்த ஆபீஸோ கழிச்சுப் போட்ட கறுப்பு டவர் பெட்டி பதினாறு போதும்கிறீங்க."

"அந்த வெள்ளை மெஷின் லெட்டர் அடிக்கத்தான் லாயக்கு. வீடியோவைத் திறந்தா மூச்சு வாங்கும்."

"நீங்க மாடி ஏறினாக்கூடத்தான் மூச்சு வாங்குது. உங்களைக் கழிச்சுப் போட்டோமா?"

இவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. விஷயம் தலைமையாசிரியையிடம் போனது. அவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைக்காரர்கிட்ட ரெண்டையும் கொண்டுவரச் சொல்லுங்க. புதன்கிழமை மத்தியானம் என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. எதுல நல்லா ஓடுதோ அதை வாங்கிடலாம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், மிஸ். வெள்ளை வாங்கி, அதுல வீடியோ வேலை சரிப்படலைன்னா, உங்க பீரியடை டைப்பிங் கிளாஸா மாத்திடுவேன். சும்மா உக்கார வைக்க முடியாது."

இனி எல்லாம் புதன்கிழமை கையில்.

ஓட்டிக் காட்ட எந்தப் படத்தை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஜீரோ வாட்ஸின் படம்தான். அந்தப் பெண்ணுக்குத் தோழிகள் வைத்த பெயர் அது. ராத்திரி போடும் ஜீரோ வாட்ஸ் பல்பு மாதிரி இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள். அவளுடைய அம்மா தூரத்து ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். மகளுக்குத் தினமும் பக்கத்து வீட்டு ஃபோனுக்குக் குரலைப் பதிவு செய்து அனுப்புவார். அந்தக் குரல்களைச் சேர்த்து வைத்து, அவை பேசுகிற மாதிரி அம்மாவின் முகத்தைப் பென்சிலால் ஒவ்வொரு தாளாக வரைந்திருந்தாள். இரண்டு நிமிஷப் படம். தாள்கள் ஆயிரத்து ஐந்நூறு.

ஆனால் அவள் முதலில் கொண்டுவந்தபோது வாயும் குரலும் சேரவில்லை. குரல் முன்னால் ஓடியது, வாய் பின்னால் வந்தது. வீடியோவில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம்; அவள் ஒரு தாளை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்திருந்தாள். குரலைப் பன்னிரண்டு ஃப்ரேம், அதாவது அரை விநாடி, பின்னால் தள்ளி வைத்தால் வாயோடு சேர்ந்துவிடும் என்பது எங்கள் லேபின் பழைய வழக்கம். ஏன் பன்னிரண்டு என்று நான் யோசித்ததே இல்லை. சாஃப்ட்வேரின் குணம் என்று விட்டுவிட்டேன். முடித்த படத்தை ஃபோனில் பார்த்த சில பெண்கள், "குரல் லேட்டா வருது மிஸ்" என்றபோதுகூட, "உன் ஓட்டை ஃபோனைத் தூக்கிப் போடு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஜீரோ வாட்ஸையும் திட்டித் தள்ளிவைக்கச் சொன்னேன். வைத்தாள். அதற்குப் பிறகுதான் மதிப்பெண் போட்டேன், அதுவும் தாராளமாகப் போடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் லேபின் நடுமேஜையில் இரண்டு மெஷினும் உட்கார்ந்திருந்தன. வெள்ளை மெஷின் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி பளபளவென்று இருந்தது. கறுப்பு டவரின் மூலையில் யாரோ ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரின் பாதி இன்னும் போகவில்லை. கடைக்காரர் இரண்டிலும் சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். எதை எடுத்தாலும் நான் சந்தோஷமா பில் போடுவேன்" என்றார்.

தலைமையாசிரியை நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாத்தனார் பேனாவும் காகிதமுமாக அவர் பக்கத்தில். ஜீரோ வாட்ஸ் தன் படம் இருந்த பென் டிரைவைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். முதலில் வெள்ளையில் செருகினேன். திறக்க நேரம் பிடித்தது. அங்கங்கே திக்கியது. ஆனால் ஓடியது. வாயும் குரலும் ஒட்டிக்கொண்டுதான் வந்தன.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் தலைமையாசிரியை.

"இருங்க மேடம், அடுத்ததைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கறுப்பில் செருகினேன். கண் மூடித் திறப்பதற்குள் படம் திறந்தது. பெருமையோடு ஓடவிட்டேன். கோடுகள் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. ஆனால் முகம் முதலில் வாயை அசைத்தது, குரல் ஆற அமர வந்து சேர்ந்தது. முகம் பேசி முடித்து வாயை மூடிய பிறகும் குரல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது.

நாத்தனார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னங்க இது, எந்தக் குப்பையைத் துடைச்சுக் கொண்டுவந்திருக்கீங்க?" என்று கடைக்காரர் மேல் பாய்ந்தேன்.

"ஐயோ மேடம், நேத்து ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறை கிடையாது!"

"அப்போ இது என்ன? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "போதும் மிஸ். வெள்ளையே இருக்கட்டும்."

நாத்தனார் பேனாவைத் திறந்தாள். அவ்வளவுதான், என் வகுப்பு முடிந்தது என்று நின்றேன்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு."

யார் பேசியது என்றே ஒரு கணம் தெரியவில்லை. சுவரோரம் நின்ற ஜீரோ வாட்ஸ்தான். அவள் குரல் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"நாமதான் தப்பு, மிஸ். நம்ம பழைய மெஷின் படத்தை லேட்டா காட்டுது. குரல் நேரத்துக்கு வந்துடுது. அதுக்காக நாம குரலைத் தள்ளி வைக்கிறோம். வெள்ளையும் அதே மாதிரி மெதுவா இருக்கு, அதனால அதுல சரியா தெரியுது. கறுப்பு, இருக்கிறதை இருக்கிற மாதிரி காட்டுது."

"அப்படின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். "சாப்பிட்டியான்னு சொல்லிப் பாருங்க மிஸ். 'ப்' வரும்போது உதடு மூடிக்கும். மூடாம அந்தச் சத்தம் வராது. திரையில குரலை ஏத்த இறக்கமா கோடா காட்டுமே, அதுல அந்த இடம் தெரியும். அங்க எத்தனாவது ஃப்ரேம்னு எண்ணிப் பார்த்து, அந்தத் தாள்ல உதட்டை மூடி வரைஞ்சேன். எல்லா வார்த்தைக்கும் அப்படித்தான் எண்ணினேன்."

தலைமையாசிரியை, மெல்ல, உதட்டளவில் "சாப்பிட்டியா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க தள்ளச் சொன்னதைத் தனியா ஒரு காப்பியில தள்ளினேன், மிஸ். என்னோடது தனியா இருக்கு."

பென் டிரைவில் இன்னொரு கோப்பைத் திறந்தாள். எங்களை ஒருமுறை பார்த்தாள். ஓடவிட்டாள்.

என்னவென்று சொல்வேன். திரையில் ஒரு பெண் எங்களைப் பார்த்துப் பேசினாள். பென்சில் கோடு என்பது மறந்துபோயிற்று. "எந்திரிச்சாச்சா? நான் இப்பதான் வேலை முடிச்சு வர்றேன்" என்று சொல்லும்போது கண்ணில் தூக்கம் இருந்தது. "பால் காய்ச்சிக் குடிச்சியா? சாப்பிட்டியா? பொய் சொல்லாத, எனக்குத் தெரியும்" என்றபோது உதடு மூடித் திறந்த இடத்தில் குரல் அப்படியே பிறந்து வந்தது. பேச்சின் நடுவே அந்த அம்மாள் மூச்சு இழுத்தார், கழுத்தில் ஒரு கோடு ஏறி இறங்கியது. சிரித்தார், கன்னம் கண்ணைத் தொட்டது. அவர் இந்த லேபுக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. ஆறு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த வேலை இப்படியும் உயிர் பிடிக்கும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

படம் முடிந்து திரை கறுத்தது. கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்.

முதலில் வாயைத் திறந்தது நாத்தனார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதே படத்தை வெள்ளையில போடு பார்ப்போம்" என்றாள். போட்டோம். குரல் முன்னால் ஓடியது, முகம் திக்கித் திக்கிப் பின்னால் வந்தது. ஒரு நிமிஷம்கூடப் பார்க்க முடியவில்லை.

"அந்தம்மாவை இப்படியா பேச வைக்கிறது? நிறுத்துடி!" என்று அவளே சத்தம் போட்டாள். அப்புறம் கடைக்காரர் பக்கம் திரும்பி, கறுப்பு டவருக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், பவர் சப்ளை போனால் யார் பொறுப்பு, உதிரியாக இரண்டு இலவசமாகத் தருவாரா என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் ஒரு வருஷம் என்றார். இவள் மூன்று என்றாள். இரண்டில் வந்து நின்றது.

"ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் உக்காரணுமே, சண்டை வராதா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"ஒருத்தி எண்ணட்டும், ஒருத்தி வரையட்டும், மேடம்" என்றாள் நாத்தனார். என் கட்சிக்கு எப்போது வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தலைமையாசிரியை பதினாறு டவருக்குக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ மிஸ், இத்தனை வருஷமா மத்தப் பிள்ளைங்க பண்ணின படமெல்லாம்?"

"நான்தான் கெடுத்தேன் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். சரியாக வைத்துக்கொண்டு வந்த ஒவ்வொரு குரலையும் என் வாயாலேயே தள்ளி வைக்கச் சொன்னவள் நான். ஃபோனில் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிள்ளைகளை விரட்டியவளும் நான்தான்.

அவர்கள் போன பிறகு ஜீரோ வாட்ஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மிஸ்."

"எப்போ?"

"மூணு தடவை சொன்னேன். மெஷின் பொய் சொல்லுமா, நீ பெரிய இவளான்னு கேட்டீங்க."

கேட்டிருப்பேன். எனக்கு நினைவில்லை, ஆனால் அது என் வாய்தான், எனக்குத் தெரியாதா. "தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சுடு. உன் மார்க்கை நாளைக்கே மாத்தறேன்" என்றேன். வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் நான் மன்னிப்பு கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கறுப்பு மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நம்ம மெஷின்ல ஒரு ஃப்ரேம் ஒரு ஃப்ரேமா தள்ளித் தள்ளித்தான் பார்த்திருக்கேன். சரியா ஓடி நான் பார்த்ததே இல்லை. இப்பவும் சரியா வருதா, சரியா வருதான்னு எண்ணிக்கிட்டே இருந்துட்டேன். அம்மாவைப் பார்க்கலை."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னொரு தடவை போடலாமா மிஸ்? இப்ப எண்ண மாட்டேன்."

மவுஸை நானே எடுத்து ஓடவிட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எந்திரிச்சாச்சா?" என்று அம்மா கேட்டார். "ம்" என்றாள்.