ஃபார்மேட் மாமா வராத வீடுகள்

என் நாத்தனாரின் கணவரைக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஃபார்மேட் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் அண்ணன் முறை. நான் கூப்பிடுவதும் அண்ணா என்றுதான். மனதுக்குள் கூப்பிடும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

கணினிக்கு என்ன நோவு வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். திரை உறைந்துபோனதா, ஃபார்மேட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா, ஃபார்மேட். கீபோர்டில் டீ கொட்டியதற்குக்கூட ஒருமுறை ஃபார்மேட் செய்திருக்கிறார். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, தோள்பையில் சுமந்து வரும் திருட்டு சாஃப்ட்வேர்களை முதலிலிருந்து ஏற்றுவார். ஏறி முடிவதற்குள் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் ஆகியிருக்கும்.

அவரிடம் ஒரு வித்தையும் உண்டு. அழித்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர்களுக்குப் புத்தி வரும். "ஐயோ, போட்டோ எல்லாம் அதுலதானே இருந்துச்சு" என்று பதறுவார்கள். அவர் உதட்டைப் பிதுக்கி, "போனது போனதுதான்" என்பார். என் ஓரகத்தி அப்படித்தான் மகளுடைய படங்களுக்காக அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நாள் அலையவிட்டு, பிறகு ஒரு ஞாயிறன்று அத்தனை படங்களையும் கொண்டுவந்து கொடுத்தார். எப்படி மீட்டீர்கள் என்று கேட்டால் சிரிப்புதான் பதில். குடும்பமே அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது.

நான் வீட்டிலிருந்து தைக்கிறவள். ஜிப் மாற்றுவது, பேன்ட் காலைச் சுருக்குவது, இதுதான் அன்றாடப் பிழைப்பு. இதற்கு நடுவில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு வரைகலை மென்பொருளை இறக்கி, குழந்தைகளின் உடைக்கான வெட்டு மாதிரிகளை வரையக் கற்றுக்கொண்டேன். சொல்லித்தர ஆள் இல்லை. சின்ன அளவை அப்படியே இழுத்துப் பெரிதாக்கினால் பெரிய அளவு வந்துவிடாது. உடம்பு வளர்கிற மாதிரி கழுத்து வளராது, தோள் வளர்கிற மாதிரி கைக்குழி வளராது. ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு வளைவையும் தனியாகத் திருத்தி, அச்சடித்து ஒட்டி, பழைய துணியில் வெட்டித் தைத்துப் பார்த்து, மறுபடியும் திருத்த வேண்டும். கடைவீதியில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் முதலாளியம்மா நாலைந்து மாதிரிகளைப் பார்த்துவிட்டு, எல்லா அளவிலும் முழுத் தொகுப்பாகக் கொண்டுவந்தால் கடையின் குழந்தை உடை வேலை மொத்தமும் எனக்கே என்றார். அதற்குப் பிறகு யாருடைய ஜிப்பையும் நான் தொட வேண்டியிருக்காது.

தொகுப்பு ஏறக்குறைய முடிந்திருந்த நேரம். நான் நூல் வாங்கப் போயிருந்தபோது, கணினி மெதுவாக ஓடுகிறதென்று என் கணவர் தன் அத்தானுக்கு போன் போட்டுவிட்டார். திரும்பி வந்தால், என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. துடைத்துவிட்ட பலகை மாதிரி திரை.

"இப்பப் பாரு, எப்படிப் பறக்குதுன்னு" என்றார்.

"அண்ணா, என் மாதிரி எல்லாம் அதுல இருந்துச்சே?"

"எது? அந்த ஓசி சாஃப்ட்வேர்ல கோடு கோடா போட்டு வச்சிருந்தியே, அதுவா?" ஒரு வாய் டீ குடித்தார். "ஓசியில வந்தது ஓசியில போச்சு. விடு."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஓரகத்தியிடம் எதிர்பார்த்ததை என்னிடமும் எதிர்பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பட்டன்தான் அண்ணா. அதை அமுக்குறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பை?" என்றேன். சின்ன மாமனார், ஓரகத்தி, பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் கணவர் மெல்லக் கேட்டார். "ஒரு வார்த்தை அவர்கிட்டக் கேட்டுப் பாரேன். ஏதாவது வித்தை வச்சிருப்பாரு."

"செத்தாலும் கெஞ்ச மாட்டேன்."

அழிந்த கோப்புகளை மீட்கும் இலவசக் கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து நானே ஓட்டிப் பார்த்தேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சிவப்புப் புள்ளி. பெயர் இருக்கிறது, உள்ளே இருந்ததன் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவர் ஏற்றிய குப்பையெல்லாம் என் கைக்குழிகளின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. முதலாளியம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். நான் மறுபடியும் ஜிப் மாற்றினேன்.

பழிவாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அந்த முடிவு எனக்கு இனித்தது. அவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வாரம் முழுக்க அங்கே யாரோ அவரை விரட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் ராஜா. அந்த ஞாயிற்றுக்கிழமையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும்.

இலவச மென்பொருள்களைத் தேட ஆரம்பித்தேன். இது கத்தரிக்காய் பொறுக்குகிற வேலை மாதிரிதான், பளபளப்பைப் பார்த்து எடுத்தால் வீட்டுக்கு வந்ததும் புழு தெரியும். தேடினால் முதலில் வந்து நிற்பது கண்ட கண்ட தளங்கள். பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கினால் கேட்டது வராது, கேட்காத நாலு வரும். அதனால் செய்தவர்களின் சொந்தத் தளத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து மட்டும் இறக்கினேன். நிறுவும்போது அவர்களே முன்கூட்டி இட்டு வைத்திருக்கும் டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வேகப்படுத்துகிறேன், சுத்தப்படுத்துகிறேன் என்று பல்லை இளித்துக்கொண்டு வந்ததையெல்லாம் வாசலோடு அனுப்பினேன். எதையும் முதலில் என் கணினியில் ஓட்டிப் பார்ப்பேன். கடைசியாக ஒரே கேள்விதான். இதைப் போட்டால் அந்த வீட்டுக்கு ஃபார்மேட் மாமா திரும்ப வர வேண்டியிருக்குமா? வர வேண்டியிருக்கும் என்று துளி சந்தேகம் இருந்தாலும் அது வேண்டாம்.

முதல் வீடு ஓரகத்தியுடையது. அவள் டியூஷன் எடுக்கிறவள். அவர் போட்ட திருட்டுப் பிரதியில் வினாத்தாள் அடித்தால், இது அசல் இல்லை என்று திரையில் ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "டீச்சர், காப்பி அடிச்சீங்களா?" என்று கேட்பார்களாம். அதைத் தூக்கிவிட்டு இலவச அலுவலகத் தொகுப்பு ஒன்றைப் போட்டு, பழைய வினாத்தாள்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா, தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்த்துக் கொடுத்தேன். சின்ன மாமனாருக்குப் பழைய சினிமா ஓட வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டுகிற வீடியோ பிளேயர் ஒன்றை வைத்தேன். "இது எவ்வளவும்மா?" என்றார். சும்மாதான் மாமா என்றேன். "சும்மா கிடைக்கிறதுக்கா அவனுக்கு இத்தனை ஞாயிறு சோறு போட்டேன்?" என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

எல்லா வீட்டிலும் கடைசியாக, கோப்புகளைத் தானாகவே இன்னொரு வட்டில் நகலெடுத்து வைக்கும் ஒரு கருவியையும் பொருத்தினேன். இனி யாரும் யார் முன்னாலும் அழ வேண்டியதில்லை. ஒவ்வொரு வீடாக அவருடைய ஞாயிறுகள் காலியாயின. அவர் மனைவி, என் நாத்தனார் அண்ணிதான் ஒருநாள் சொன்னார், "இப்பல்லாம் இவரு ஞாயித்துக்கிழமை வீட்லயே இருக்காரு. பையைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறாரு." பாவம் என்று சொல்லத் தோன்றவில்லை. துடைக்கட்டும் என்றுதான் தோன்றியது.

பிறகு ஒரு முற்பகலில் அவரே போன் செய்தார். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, ஒரு சின்னத் தப்பு ஆயிடுச்சு."

"சொல்லுங்க அண்ணா."

"என் கம்ப்யூட்டர் நின்னு நின்னு ஓடுச்சு. வழக்கம்போல ஃபார்மேட் போட்டு, புதுசா ஏத்த விட்டுட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுல என் பாட்டெல்லாம் இருக்கு."

"என்ன பாட்டு?"

குரலைத் தாழ்த்தினார். "நான் பாடினது. கதவைச் சாத்திக்கிட்டுப் பாடிப் பதிவு பண்ணுவேன். உங்க அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். பல வருஷத்துப் பாட்டு. இப்ப ஏறிக்கிட்டிருக்கு, நாப்பது சதவீதம் காட்டுது. என்ன பண்ணட்டும்?"

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அதுதான் பதில். ஏறுகிற ஒவ்வொன்றும் பழையதன் மேல்தான் ஏறும். இது எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பதறாதீங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. எதுல பதிவு பண்ணினீங்க?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"தெரிஞ்சாத்தானே தேட முடியும்."

இழுத்தார். "அது... சும்மா கிடைக்குதே, குரல் பதிவு பண்றது, அதுலதான்."

"சரியாக் கேக்கல அண்ணா."

"இலவசமா கிடைக்கிறதும்மா."

"ஓசி சாஃப்ட்வேரா?"

"ஆமா."

பல நாள் பட்டினிக்குப் பிறகு சாப்பிடுகிற மாதிரி மெதுவாக மென்றேன். என்னென்ன பாட்டு, எந்த வருஷம், எந்த ஃபோல்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதற்கும் உபயோகமில்லாத கேள்விகள். அவர் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். நடுநடுவே, "அம்பதைத் தாண்டிருச்சும்மா", "எழுபதாயிடுச்சும்மா" என்றார். அவர் குரல் உடைந்த பிறகுதான் சொன்னேன்.

"பிளக்கைப் பிடுங்குங்க."

கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு அண்ணியோடு வந்து சேர்ந்தார். என் கணினியில் இணைத்து அந்த மீட்புக் கருவியை ஓடவிட்டேன். அவர் என் பின்னால் நின்றார். நாற்காலியில் இந்த முறை நான். பட்டியல் வரத் தொடங்கியது. பாட்டுகளில் பாதிக்கு மேல் பச்சைப் புள்ளி, எதுவும் மேலே ஏறாமல் தப்பியவை. அவர் ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். ஒன்றைத் திறந்து ஓடவிட்டேன். நல்ல குரல்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பட்டியலைக் கீழே இறக்கினேன். 'சின்னம்மா வீட்டு போட்டோ' என்று ஒன்று இருந்தது. 'டியூஷன் டீச்சர் குழந்தை' என்று ஒன்று, என் ஓரகத்தி அழுது வாங்கிய படங்கள். அவருடைய வித்தை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழிப்பதற்கு முன்பே எல்லார் வீட்டுக் கோப்புகளையும் நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொள்வார். அழுதவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பார். தன்னுடையதை நகலெடுத்து வைக்கத்தான் அவருக்கு வேறு வீடு இல்லை.

அதற்கும் கீழே 'தங்கச்சி வேலை - பத்திரம்' என்று ஒன்று இருந்தது.

திறந்தேன். ஃப்ராக் கைக்குழி, ஃப்ராக் கழுத்து, பாவாடைச் சுற்று, சட்டை முதுகு. நான் வைத்த பெயர்கள், நான் வைத்த வரிசையில். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

"உன்னோடதுதான்" என்றார் பின்னாலிருந்து. "அன்னைக்கே எடுத்து வச்சிட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசிட்டியே." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வந்து கேக்கட்டும்னு இருந்தேன்."

ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது எல்லாம் சிவப்பா இருக்கே. நான் போன் பண்ணினதுமே பிளக்கைப் பிடுங்கியிருந்தா வந்திருக்குமா?"

"வந்திருக்கும்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. நான் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. அப்போதும் என் கோபம் அவர் மேல்தான் இருந்தது, என் மாதிரிகளை இந்த முறை அழித்தது என் கேள்விகள்தான் என்றாலும்.

தப்பிய பாட்டுகள் ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பார்த்து, அவர் கையில் கொடுத்தேன்.

"கேளுங்க அண்ணா" என்றேன். "தினமும் கேளுங்க."