ஒரே ஒரு பெரிய பாயிண்ட்

பிணம் வைக்கும் ப்ரீசர் பெட்டியின் ஒயரை இழுத்துக்கொண்டு மஞ்சுநாத் சுவரோரம் குனிந்தபோது, மௌரீன் இறந்து கிடந்த புருஷன் கிளெமென்டின் கால்மாட்டிலிருந்து எழுந்து வந்து அவன் கையை மறித்தாள்.

"அதைப் பிடுங்காதே."

"பெரிய பாயிண்ட் இது ஒண்ணுதான் அக்கா. சின்னதுல போட்டா ப்யூஸ் போயிடும்."

வாஸ்தவம்தான். அந்த ஆஸ்டின் டவுன் வீட்டில் பெரிய பாயிண்ட் அது ஒன்றுதான். அதில் மாட்டியிருந்தது, மேஜைமேல் ரிப்பேருக்கு வந்து வயிறு திறந்து கிடந்த சிந்தசைசர் கீபோர்டு. அதன் உள்ளே பாதிச் சாமான் செத்துப்போன வேறு மெஷின்களிலிருந்து கழற்றிப் போட்டது. காலையில் கிளெமென்ட் அதன் ஒழுகிப்போன பேட்டரியை வெட்டியெடுத்தான். புதியதை வைக்கக் கை நீட்டினவன் அப்படியே மேஜைமேல் சாய்ந்தான்.

பேட்டரி இல்லாத நேரத்தில் கரண்டும் போனால், பன்னிரண்டு வருஷமாகக் குமிழைத் திருகித் திருகி அவன் உள்ளே சேர்த்துவைத்த சத்தமெல்லாம் போய்விடும். எழுதிவைக்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது.

"என்ன அண்ணி இது?" கொழுந்தன் சிரில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "மஸ்கட்லேர்ந்து பையன் நாளைக்குத்தான் வர்றான். மே மாச வெயிலு. அண்ணனவிட இந்தப் பொட்டி பெரிசாப் போச்சா?"

"பத்து நிமிஷம் குடு சிரில்."

"உயிரோட இருக்கச்சே ஓட்டை ஒடைசல் பொறுக்கற குஜிரிக்காரன்னு திட்டுவீங்க. இப்ப பாசம் பொங்குதா?"

"திட்டினேன். இன்னும் திட்டுவேன். நீ தள்ளு."

மெஷினின் சொந்தக்காரன், ஆர்க்கெஸ்ட்ரா ரங்கநாதன், வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தான். "விட்டுடுங்க சிஸ்டர். போனாப் போவுது," என்றான். கண் மட்டும் மெஷினின் சிவப்பு விளக்குகளைவிட்டு நகரவில்லை. கல்யாண வீடுகளில் அவனைக் கூப்பிடுவதே அந்தச் சத்தங்களுக்காகத்தான்.

"இன்னொரு வீடு காத்துட்டிருக்குது. சீக்கிரம், பேகா பண்ணுங்க அக்கா," என்றான் மஞ்சுநாத்.

மௌரீன் இத்தனை வருஷமும் டார்ச் பிடித்தவள்தான். ஈயம் வைத்து ஒயர் ஒட்டுகிற சூட்டு இரும்பைத் தொட்டதில்லை. சின்ன பாயிண்டில் அதை மாட்டினாள். சிவாஜிநகர் குஜிரியில் வாங்கின உடைந்த கார்ட்லெஸ் போனிலிருந்து எடுத்த பேட்டரி, ஒயரோடு தயாராகக் கிடந்தது. சிவப்பு, கறுப்பு. போர்டில் கூட்டல் குறி எங்கே என்று தேடினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி தேடினாள்.

"டார்ச் அடிங்க," என்றாள். ரங்கநாதன் ஓடி வந்தான். வெளிச்சம் போர்டைவிட்டு விலகி விலகிப் போனது.

"ஆட்டாதீங்கண்ணா. அவரா இருந்தா இந்நேரம் மண்டையில குட்டியிருப்பார்."

இரும்பு சூடானதும் அதன் பிளக்கைப் பிடுங்கினாள். கிளெமென்ட் அப்படித்தான் செய்வான். இரும்பின் கரண்டு போர்டில் ஏறிவிடக் கூடாது. ஆறுவதற்குள் வைக்க வேண்டும். சிவப்பு ஒயர் ஒட்டியது. கறுப்பு வைக்கும்போது ஈயம் உருகவில்லை. மறுபடி மாட்டிச் சூடேற்றினாள். பின்னால் ஜெபமாலை சொன்ன பெண்களின் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. சிரில் கடிகாரத்தைப் பார்ப்பதும் அண்ணனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

இரண்டாம் தடவை ஈயம் உருகியது. விலகப் பார்த்த ஒயரை விரல் நுனியால் அமுக்கிப் பிடித்தாள். சுட்டது. எடுக்கவில்லை.

பிறகு பெரிய பாயிண்டிலிருந்து மெஷினின் பிளக்கை அவளே பிடுங்கினாள். சிவப்பு விளக்குகள் அணைந்தன.

"ஆச்சா? மாட்டலாமா?" மஞ்சுநாத் ஒயரை நீட்டினான்.

"இரு."

மறுபடி மெஷினின் பிளக்கை மாட்டினாள். விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் போதாது, சத்தம் உள்ளே தங்கியிருக்க வேண்டும். ஒரு பட்டனை அழுத்திவிட்டு ஒரு கட்டையைத் தொட்டாள்.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளெமென்ட் செய்துகொடுத்த நாதஸ்வரச் சத்தம் வீடு முழுக்க எழுந்தது. ஜெபமாலை நின்றுபோனது. ரங்கநாதன் டார்ச்சை அணைக்க மறந்து முகத்தை மூடிக்கொண்டான். சிரில் வெளியே போய் நின்றான்.

மௌரீன் கட்டையிலிருந்து கையை எடுத்தாள். பிளக்கைப் பிடுங்கி, "இப்ப மாட்டுப்பா," என்றாள்.

நான்கு பேர் கிளெமென்டைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மோட்டார் உறுமத் தொடங்கியது. அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியின் கண்ணாடி மூடி குளிர்ந்து வந்தபோது, சுட்ட விரலை அவன் முகத்துக்கு நேராக அதன்மேல் வைத்துக்கொண்டாள்.