பகலில் மூடிய கண்

மருத்துவமனை நடைபாதையில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி தக்சிலா கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சோந்தியின் படம் ஒன்று வேண்டும். தம்பிக்கு இதுவரை காட்டாததாக இருக்க வேண்டும். பின்னால் யன்னல் இருக்கக் கூடாது. யன்னல் இருந்தால் வெளியே இலைகளோடு மரம் தெரியும்; இப்போது நவம்பர் முடியப் போகிறது, மரங்கள் மொட்டையாக நின்றன.

செப்டெம்பரில் எடுத்தவற்றில் அப்படி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. முன்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, ஒரு கண் முன்னாலும் மற்றக் கண் பின்னாலும் பார்க்கிற படம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

ரதீஸ் விழித்திருந்தான். முப்பத்தொன்பது வயது. ஈரல் முழுக்கப் புற்று பரவி, கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாகிவிட்டது. இனி நோகாமல் வைத்திருப்பதுதான் எங்களால் முடிந்தது, இன்றோ நாளையோ என்று டொக்டர் காலையில் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"கொண்டாங்கோ அக்கா," என்று கையை நீட்டினான். கைபேசியைப் பிடிக்க அவனால் முடியவில்லை. அவளே முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நல்ல பச்சை," என்றான். "இண்டைக்கு எடுத்ததோ?"

"ஓம். விடிய எடுத்தனான்."

"லைட் எவ்வளவு நேரம் போடுறீங்கள்?"

"காலமை ஏழிலையிருந்து பின்னேரம் ஏழு மட்டும். நீ சொன்ன மாதிரித்தான்."

"தண்ணி?"

"ரெண்டு நேரமும் தெளிக்கிறன்."

"இலை சொட்டச் சொட்டவோ?"

"சொட்டச் சொட்டத்தான், தம்பி."

எல்லாக் கேள்விக்கும் அவளிடம் சரியான பதில் இருந்தது. பச்சோந்தி செத்து மூன்று வாரமாகிறது.

ரதீஸ் கல்யாணம் செய்யவில்லை. வெஸ்ட்லியில், மெட்ரோ போய் நிற்கிற கடைசித் தரிப்பிடத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் தனியாக இருந்தான். மெட்ரோப் பெட்டிகளைத் திருத்தும் பணிமனையில் வேலை. அங்கே கூட வேலை செய்த எம்மா, சுவீடனிலிருந்து கொண்டுவந்த பச்சோந்திக் குஞ்சுகளில் ஒன்றை ஐந்து வருடங்களுக்கு முன் அவனுக்குக் கொடுத்தாள். நோர்வேயில் வளர்க்க அனுமதியுள்ள பிராணிகளில் பச்சோந்தி இல்லை என்று தெரிந்தேதான் அவன் வாங்கினான். எம்மாவைத் தவிர வெள்ளைக்காரர் யாரும் அறியாமல் வைத்திருந்தான். தமிழர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோயிலில் அவனை 'ஓணான் ரதீஸ்' என்றார்கள். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டிலும் அதைச் சொல்லியே சிரித்தார்கள். பிறகு அவன் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். தக்சிலாவும் அவனை வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

செப்டெம்பரில் அவனை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முதல் நாள் கூடு அவள் வீட்டுக்கு வந்தது. ஆள் உயர வலைக்கூடு. உள்ளே தொட்டிச் செடிகள், குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள், மேலே இரண்டு விளக்குகள். வாசலில் நின்றபடியே, சட்டைக்குள் ஆடுகிற உடம்போடு, ரதீஸ் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான்.

"கண்ணாடிப் பெட்டிக்கை வைக்கக் கூடாது, அவருக்குக் காத்து வேணும். கிண்ணத்திலை தண்ணி வைச்சாக் குடிக்கமாட்டார். நிக்கிற தண்ணி அவற்றை கண்ணுக்குத் தண்ணியே இல்லை. இலையிலை இருந்து விழுற துளியைத்தான் நக்குவார். பூச்சி உயிரோடை குடுக்கோணும், கல்சியம் தூளிலை பிரட்டிப்போட்டு. அவர் தின்னாமல் விட்டதை ராவைக்குக் கூட்டுக்கை விட்டிடாதேங்கோ, அதுகள் அவரைக் கடிக்கும். கையிலை தூக்காதேங்கோ, அவருக்கு அது விருப்பமில்லை."

"அவர், இவர் எண்டு..." என்று ஜெயரத்தினம் சிரித்தான். அவள் கணவன்.

ரதீஸ் அதைக் கேட்காதவன் போல் இருந்தான். "அக்கா, ஒண்டை மறந்திடாதேங்கோ. பகலிலை கண்ணை மூடினார் எண்டா அது நித்திரை இல்லை. கடும் வருத்தம், உயிருக்கே ஆபத்து. உடனை எனக்குச் சொல்லோணும்."

ஆறு வாரம் அவள் ஒன்றும் பிசகாமல் செய்தாள். முதலில், தீனிக்கு உயிரோடு வாங்கிய வெட்டுக்கிளிப் பெட்டியைத் திறக்கவே அருவருத்தது. பிறகு பழகிவிட்டது. வேலையால் வந்ததும் கூட்டுக்கு முன் கதிரையைப் போட்டு, அந்த நாக்கு நீண்டு பூச்சியோடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அவளிடம் ஒன்றும் கேட்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மகளின் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. ஒரு வருடத்துக்கு முன்பே மண்டபம் எடுத்தாயிற்று. தள்ளி வைப்போமா என்று தக்சிலா ஒருமுறை கேட்டாள்.

"அவனே நடத்தச் சொல்லித்தானே சொல்லுறான்," என்றான் ஜெயரத்தினம். "பிறகு செத்தவீட்டுத் துடக்கு வந்தா என்ன செய்யிறது?"

துரொண்ட்ஹெய்ம் நகரத்திலிருந்து ஜெயரத்தினத்தின் அக்கா மனோன்மணி வியாழக்கிழமையே வந்துவிட்டாள். அவளுக்கு ஒதுக்கிய அறையில்தான் கூடு இருந்தது. கதவைத் திறந்தவள் உள்ளே கால் வைக்காமல் நின்றாள்.

"இதுக்குப் பக்கத்திலையோ நான் படுக்கிறது? பிள்ளைக்கு நல்ல காரியம் நடக்கேக்கை வீட்டுக்கை இந்தச் சனியனை ஏன் வைச்சிருக்கிறியள்?"

"நாலு நாளுக்குக் கீழை சாமான் அறையிலை வைப்பம், தக்சி," என்றான் ஜெயரத்தினம். "திங்கட்கிழமை நானே மேலை கொண்டந்து தாறன்."

"ஓம்," என்றாள் தக்சிலா. அந்த 'ஓம்' அவள் வாயிலிருந்துதான் வந்தது. யாரும் பிடுங்கவில்லை.

கீழ்த்தளச் சாமான் அறையில் விளக்கு செருக இடமில்லை. சுவரில் தொட்டால் கை குளிர்ந்தது. வியாழன் இரவு கூட்டுக்குள் தண்ணீர் தெளித்துவிட்டு, இருக்கிற வெட்டுக்கிளி முழுவதையும் ஒன்றாகக் கொட்டினாள். நிற்கிற தண்ணீரை அது குடிக்காது என்று தெரிந்தும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். வெள்ளிக்கிழமை மருதாணி, பலகாரம், ஆட்கள். சனிக்கிழமை மண்டபம். ஞாயிறு மத்தியானம் மிஞ்சிய சாப்பாட்டை டப்பாக்களில் போட்டு ஆட்களுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் கீழே போனாள்.

அது கிளையில் இல்லை. கூட்டின் அடியில், கரி நிறத்தில், ஒரு பக்கமாகக் கிடந்தது. வெட்டுக்கிளிகள் அதன் மேலே ஊர்ந்தன. ஒரு பின்னங்கால் பாதம் சிவப்பாக அரிபட்டிருந்தது.

திங்கட்கிழமை மட்டும் அவள் காத்திருக்கவில்லை. மகனையும் அழைத்துக் கூட்டை அப்போதே மேலே கொண்டுவந்தாள். விளக்கைப் போட்டாள். விடாமல் தண்ணீர் தெளித்தாள். துளிகள் அதன் வாயோரத்தில் விழுந்து வழிந்தன. மூடிய கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. எம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ரதீசுக்குத் தெரிந்துவிடும் என்று கூப்பிடவில்லை. செவ்வாய் மத்தியானம் அவன் கைபேசியில் கூப்பிட்டு, "அவரை ஒருக்காக் காட்டுங்கோ," என்றான். அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அவர் நித்திரை, தம்பி."

"மணி இரண்டு, அக்கா," என்றான்.

அன்று முழுக்க அவன் அடங்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்தான். மருந்து கொடுத்து அடக்க வேண்டியிருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லி அவளுக்கு விடாமல் போன் எடுத்தான்.

"அது வளர்க்கக் கூடாத பிராணியெல்லோடா. அவங்கள் பொலிசுக்கு அறிவிச்சா?"

"என்ரை பேரைக் குடுங்கோ. என்னை இனி என்ன செய்யப் போறாங்கள்?"

புதன்கிழமை விடிய அது செத்துக் கிடந்தது. அவள் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள். வெளியே வந்தபோது கூடு காலியாக இருந்தது.

"எங்கை அவர்?" அவளுக்கும் 'அவர்' என்றுதான் வந்தது.

"மிச்சச் சாப்பாடு போடுற பச்சைப் பைக்கை போட்டுக் கீழை எறிஞ்சிட்டன்," என்றான் ஜெயரத்தினம். "மணக்க முதல்."

மத்தியானம் அவள் தம்பியின் கட்டிலருகே இருந்து, வைத்தியரிடம் கொண்டுபோனதாகவும் ஊசி போட்டதாகவும் கண் திறந்து தண்ணீர் நக்கியதாகவும் சொன்னாள். அவன் அவளுடைய புறங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான் என்று தாதி சொன்னாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை. போன வெள்ளிக்கிழமை அவனாகவே ஒரு முடிவு எடுத்தான்.

"எம்மாட்டைக் குடுங்கோ, அக்கா. வாற சனிக்கிழமை வருவாள். உங்களுக்கு இனியும் ஏன் கரைச்சல்?"

அதற்குள் எம்மாவோடு கதைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். கதைக்கவில்லை.

இப்போது அவன், "போனை அதிலை வையுங்கோ," என்று கட்டிலோரத்து மேசையைக் கண்ணால் காட்டினான். தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. அவன் அவளைப் பார்த்தான். விரலால் தொட்டாள். பச்சோந்தி மறுபடி வந்தது. மறுபடி இருண்டது. மறுபடி தொட்டாள்.

ஜெயரத்தினம் வந்து கால்மாட்டில் நின்றுவிட்டு, காரை நிறுத்திய நேரம் முடிகிறது என்று போனான். மூன்று மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கியது. ரதீஸின் மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வந்தது. கண் பாதி மூடியிருந்தது. அவன் பார்க்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. அவள் திரையைத் தொட்டுக்கொண்டேயிருந்தாள். தாதி உள்ளே வந்து, அவன் கழுத்தில் இரண்டு விரல் வைத்து, பிறகு மெதுவாகத் தக்சிலாவின் தோளில் கை வைத்தபோதும் தொட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை வீடு நிறைய ஆட்கள். மருத்துவமனையிலிருந்து உடல் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. வாசலில் குளிர்காலச் சப்பாத்துகள் குவிந்து, பனி உருகி ஓடியது. ஜெயரத்தினம் நடுவில் இருந்து வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாங்கள் ஒண்டும் குறை விடேல்லை. கடைசி மட்டும் அவன்ரை ஓணானையும் இஞ்சைதான் வைச்சுப் பார்த்தம். தக்சிதான் தன்ரை கையாலை பூச்சி குடுத்தவ."

"ஆரப்பா செய்வினம் இந்தக் காலத்திலை?" என்றாள் மனோன்மணி, இரண்டாம் முறையாகத் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்திருந்தவள்.

அப்போது மணி அடித்தது. எம்மா நின்றாள். தலையில் பனி. மார்போடு அணைத்தபடி குளிர் புகாத, மூடியிட்ட வெள்ளை ரெஜிஃபோம் பெட்டி. அவளை அடையாளம் கண்டதும் ஜெயரத்தினம் கதையை நிறுத்தி, கைபேசியை எடுத்து அதற்குள் குனிந்துகொண்டான்.

"இன்றைக்கு வருவதா என்று யோசித்தேன்," என்றாள் எம்மா நோர்வேஜிய மொழியில், தாழ்ந்த குரலில். "ஆனால் சனிக்கிழமை என்று அவன்தான் எழுதியிருந்தான். கூட்டைப் பிறகு எடுக்கிறேன். அவரை மட்டும் கொண்டுபோகிறேன்."

தக்சிலா அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நின்றபடியே சொன்னாள். சாமான் அறை, வெட்டுக்கிளி, கால் பாதம், பச்சைப் பை. ஒன்றும் விடவில்லை. கணவன்மீதும் போடவில்லை.

"எப்போது?" என்று கேட்டாள் எம்மா.

"ஐந்தாம் தேதி."

எம்மா பெட்டியை மேசையில் வைத்தாள். கையுறையைக் கழற்றி, கைபேசியை எடுத்து எதையோ தேடினாள். கண்டதும் அதைத் தக்சிலாவிடம் நீட்டினாள். ரதீஸ் திங்கட்கிழமை அனுப்பியது. எழுத்துப் பிழையோடு, நோர்வேஜிய மொழியில்.

'அக்காவுக்கு இது கைவந்துவிட்டது. என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள். நீ எடுத்துப் போன பிறகும் அவளுக்கு இடைக்கிடை படம் அனுப்பு. தேடுவாள்.'

தக்சிலா அதை இரண்டு முறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். முன் அறையில் யாரோ தேத்தண்ணி கேட்டார்கள்.

எம்மா பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே கம்பளித் துண்டு விரித்திருந்தது. அதன் அடியிலிருந்து சிவப்பு ரப்பர் சுடுதண்ணீர்ப் பையை எடுத்து, மூடியைத் திருகி, பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீர் இன்னும் சூடாகவே இருந்தது. ஆவி எழுந்து யன்னல் கண்ணாடியில் படிந்தது. பை வெறுமையாகும் வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.