ஐந்து செம்புறாங்கற்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு ஆதாரம் என்று என்னிடம் இருப்பது ஐந்து கற்கள் மட்டும்தான். புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூரில் மரிய செல்வி என்ற அம்மாளின் வீட்டு அலமாரியில், விளையாட்டுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், அவற்றை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் செம்புறாங்கல், தொட்டால் கையில் செம்மண் ஒட்டும். முதலாவது உரித்த தேங்காய் அளவு. ஐந்தாவது எலுமிச்சம்பழம் அளவு.

“இது எதுக்குங்க?” என்றேன்.

“எங்கப்பா வச்சதுங்க. காலேசுல டிரில் மாஸ்டரா இருந்தாங்கள்ல, மாசத்துக்கு ஒண்ணாக் கொண்டாருவாங்க. என்னாப்பான்னு கேட்டா, ஒரு பய ஒடம்பு தேறிக்கிட்டு இருக்கான்ம்பாங்க. வேற ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க.”

“அந்தப் பய தேறுனானா?”

“அது தெரியலைங்களே.”

தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

தொடக்கம்: 1953ஆம் ஆண்டு, புதுக்கோட்டையில் மழை ஏமாற்றிய செப்டம்பர் மாதத்தில், வானத்தை அண்ணாந்து பார்த்தபடி…

(வேண்டாம். மழையில் ஆரம்பித்தால் நான் விஷயத்துக்கு வர நாலு பக்கம் ஆகும்.)

இன்னொரு தொடக்கம்: டிரில் மாஸ்டர் பங்கிராஸ் தங்கமான மனிதர்.

(இதையும் அடித்துவிட்டேன். பொய்யில்லை, ஆனால் நீங்கள் சொல்ல வேண்டியதை நான் முந்திக்கொண்டு சொல்வானேன்?)

நேரே கல்லூரி விடுதிக்குப் போய்விடலாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை பங்கிராஸ் கடலை மண்டியிலிருந்து பெரிய தராசை இரவல் வாங்கி வந்து உத்தரத்தில் தொங்கவிடுவார். ஒரு தட்டில் பையன், மறு தட்டில் இரும்பு எடைகள். ‘ஆட்டுச் சந்தை’ என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு ராக்கன் என்ற பி.ஏ. மாணவன், இருமலை மறைத்து மறைத்து, கடைசியில் அறையிலேயே ரத்தம் கக்கிச் செத்துப்போனான். சட்டைக்குள் அவன் எவ்வளவு இளைத்திருந்தான் என்பது அவனைத் தூக்கும்போதுதான் பங்கிராசுக்குத் தெரிந்தது. அன்று தோன்றிய யோசனைதான் இந்தத் தராசு.

வார்டன் அதில் ஒரு விதியைச் சேர்த்தார். சேர்ந்தபோதிருந்த எடையில் ஐந்து ராத்தல், அதாவது இரண்டேகால் கிலோ, குறைந்தால் பையன் ஊருக்குப் போய்விட வேண்டும். காசநோய் என்றால் எல்லாரும் நடுங்கிய காலம் அது. அப்படிப் போனவன் எவனும் படிக்கத் திரும்பி வந்ததில்லை.

3

ஆத்மநாதன் ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து இன்டர்மீடியட் படிக்க வந்தவன். சேரும்போது தொண்ணூற்றெட்டு ராத்தல். செப்டம்பரிலும் அதே தொண்ணூற்றெட்டு. ஆனால் முகம் வற்றியிருந்தது. தட்டிலிருந்து இறங்கிப் போகிறவனின் வெள்ளை வேட்டியில், இடுப்போரமாகச் செம்மண் கறை.

பங்கிராஸ் எல்லார் முன்னாலும் வாயைத் திறக்கவில்லை. பிறகு விளையாட்டுச் சாமான் அறைக்கு அழைத்தார்.

“மடியில என்னடா?”

“ஒண்ணுமில்லைங்க சார்.”

“எடு.”

கல் மேசைமேல் வந்தது. ஐந்து ராத்தலுக்குக் குறையாது.

“ஊருக்கு அனுப்பிறாதீங்க சார். எங்க ஊருல காலேசுக்கு வந்தவன் நான் ஒருத்தந்தான்.”

“இருமல் இருக்கா?”

“இல்லைங்க. பாடம் பூரா இங்கிலீசு. ஒண்ணும் வெளங்கலை. அதையே நெனைச்சுக்கிட்டு எலையில ஒக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது. தூக்கமும் வரலைங்க.”*

பங்கிராஸ் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒருவன் நோயை மறைத்தானே என்றுதான் தராசைக் கொண்டுவந்தார். இப்போது தராசுக்குப் பயந்தே இன்னொருவன் கல்லைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்.

(* இதற்கு இன்றைக்கு ஏதேதோ பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு விடுதியில் ஒரே பெயர்தான்: பயந்தாங்கொள்ளி.)

4

அன்றே அவனை சைக்கிளில் உட்காரவைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார்.

“இப்ப ஒண்ணும் தெரியலை மாஸ்டர். பயத்துல இளைச்சிருக்கலாம். நோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். பிப்ரவரி வரைக்கும் பாருங்க. எடை ஏறுச்சுன்னா வெறும் பயம். எறங்குச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.”

திரும்பும் வழியில் பங்கிராஸ் சொன்னார்:

“அடுத்த மாசமும் கல்லு கொண்டா. ஆனா இதைவிடச் சின்னதாக் கொண்டா.”

“எதுக்குங்க சார்?”

“நோட்டுல தொண்ணூத்தெட்டுன்னே எழுதுறேன். கல்லு எம்புட்டுக் கொறையுதோ அம்புட்டு நீ ஏறணும். ஏறலைன்னா தட்டு காட்டிக்குடுத்துரும். அப்ப நானே ஒன்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவேன்.”

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர் பொய் எடை எழுதுவாரா? செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அவர் என்ன சொல்லி… இல்லை, அங்கே நான் எட்டிப் பார்க்கக் கூடாது. எழுதினார் என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.)

ஹாக்கி மட்டைகளுக்குக் காவல் என்று சொல்லி அவன் படுக்கையைச் சாமான் அறைக்கு மாற்றினார். தொற்றுமோ என்ற எச்சரிக்கை அது. அவனுக்கு அது மரியாதையாகப் பட்டது. பாடத்தைத் தமிழில் விளக்க மூத்த மாணவன் ஒருவனைப் பிடித்துவைத்தார். சாப்பாட்டு நேரத்தில் தாமே எதிரில் உட்கார்ந்தார்.

“எனக்கு இங்கிலீசுல ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’ ரெண்டுந்தான்டா தெரியும். அதை வச்சே பதினஞ்சு வருசமா இந்தக் காலேசுல ஓட்டிட்டேன். சாப்பிடு.”

பையன் சிரித்துவிட்டான். சிரித்த வாக்கில் நாலு கவளம் உள்ளே போயிற்று.

அக்டோபர்க் கல் சிறிதாக இருந்தது. நவம்பரில் அதைவிடச் சிறிது. டிசம்பரில் அவன் இருந்த தட்டு மேலே எழும்பிவிட்டது. பங்கிராஸ் அவனைத் தனியே அழைத்துப் போனார். அப்புறம்தான் தெரிந்தது, ஆசையில் அவன் நெல்லிக்காய் அளவுக் கல்லை எடுத்து வந்திருக்கிறான்.

“அவசரப்படாதடா. போயி ஒழுங்கான கல்லாப் பாத்துக் கொண்டா.”

ஜனவரியில் எலுமிச்சம்பழம் அளவு. தராசு நேராக நின்றது.

“அடுத்த மாசம் கல்லு வேணாங்க சார்.”

“அதைத் தட்டு சொல்லட்டும்.”

5

ஆறாவது கல் அந்த அலமாரியில் இல்லை. கல் தேவைப்படாமல் போயிருக்கலாம். கல்லைக் கொண்டுவர ஆளே இல்லாமலும் போயிருக்கலாம். கல்லூரிப் பதிவேட்டைப் புரட்டலாமே என்பீர்கள். எந்தப் பெயரைத் தேடுவது? ஆத்மநாதன் நான் வைத்த பெயர்.

முடிவு அ: அவன் வெறும் மடியோடு தட்டில் ஏறுகிறான். இதை எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிற்று. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: ஜனவரிக் கடைசியில் அவனுக்குக் காய்ச்

(மன்னியுங்கள். என்னால் முடியவில்லை.)

என்னால் முடிந்தது இவ்வளவுதான். பிப்ரவரி முதல் சனிக்கிழமை. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போன ஆத்மநாதன் மாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். மற்ற பையன்களையெல்லாம் எடைபோட்டாயிற்று. பங்கிராஸ் ஒரு தட்டில் தொண்ணூற்றெட்டு ராத்தலை ஏற்றிவைத்துவிட்டு நிற்கிறார். மறு தட்டு காலியாக அந்தரத்தில் தொங்குகிறது.

“முடிஞ்சுதா மாஸ்டர்?” என்கிறார் வார்டன்.

“இன்னும் ஒருத்தன் வரணுங்க.”

பஸ் வந்த சத்தம் கேட்கிறது. அவனை நீங்கள் அழைத்து வாருங்கள். வழியில் மடியைத் தடவிப் பார்க்க வேண்டாம். பங்கிராஸ் ஒரு மாதமும் அப்படிப் பார்த்ததில்லை.